நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கடிதம்

செவ்வந்தி நகரில் வீட்டுக்கடன் கடிதங்கள் வீட்டுக்காரர்களுக்கு வருவதில்லை, வீடுகளுக்கு வருகின்றன. தபால்காரர் மதில் சுவர்ப் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். வீடு அதை எடுத்துப் படிக்கும். அதில் சொன்னபடி நடக்கும். படித்து முடித்த கடிதத்தை அடுப்படி மேடையில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடும். உள்ளே குடியிருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா.

வட்டி ஏறியது என்று கடிதம் வந்தால் கூரை நாலு விரல் கீழே இறங்கும். குறைந்தது என்றால் மேலே போகும். தவணை தவறிவிட்டது என்றால் கட்டி முடிக்கும்வரை குளியலறைக் குழாய் சொட்டும். நாமக்கல்லைத் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில் இருக்கும் அந்த நாற்பத்திரண்டு வீடுகளும் இப்படித்தான் ஒழுங்காக இருந்துவந்தன.

பிறகு யார் யாரோ எழுத ஆரம்பித்தார்கள்.

முதலில் போனது அர்த்தனாரியின் வீடு. அர்த்தனாரி பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு திங்கட்கிழமை முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்தார், வீட்டைக் காணோம். 'உங்கள் கடன் வேறு கம்பெனிக்கு மாற்றப்பட்டுவிட்டது, மூலப்பத்திரத்துடன் உடனே புறப்பட்டு வரவும்' என்று கடிதம் வந்திருக்கிறது. மூலப்பத்திரம் என்றால் எது என்று வீட்டுக்குத் தெரியவில்லை. அதனால் பீரோவோடு போய்விட்டது. வாசல் கேட்டும் வெளிக் கக்கூசும் மட்டும் நின்றன. அவை கடனில் சேராமல் பிற்பாடு கைக்காசில் கட்டியவை. வீடு இருந்த இடத்தில் ஒரு கட்டிலும் ஸ்டவ்வும் போட்டுக்கொண்டு அர்த்தனாரி அங்கேயே குடியிருந்தார். யாராவது கேட்டைத் தட்டினால், "தெறந்துதான் இருக்குது, உள்ள வாங்க" என்பார்.

வீட்டைக் குற்றம் சொல்ல முடியாது. அதற்கு ஏழு வயது. இருபது வருடக் கடனில் ஏழு வருடம் கழிந்த வீடு யார் என்ன சொன்னாலும் நம்புகிற பருவத்தில் இருக்கும்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் அந்த வெற்று இடத்தில் பாய் விரித்துக் கூட்டம் நடந்தது. கள்ளக் கடிதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று அர்த்தனாரி சொல்லிக்கொடுத்தார். வீட்டை இழந்தவர் என்பதால் அவர் சொன்னால் எல்லோரும் கேட்டார்கள். பரப்பளவும் பத்திர எண்ணும் சரியாக இருக்கிறதே என்று மயங்கக் கூடாது. பத்திர ஆபீசில் மனுப் போட்டால் எவனுக்கும் அது கிடைக்கும். இன்றைக்கே, இப்போதே என்று அவசரப்படுத்தினால் ஆகாது. வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டாம் என்றால் நிச்சயமாக ஆகாது. கடிதத்தில் இருக்கும் நம்பருக்கு எக்காரணம் கொண்டும் போன் செய்யக் கூடாது. பழைய பாஸ்புத்தகத்தில் இருக்கும் நம்பரைத்தான் கூப்பிட வேண்டும். மூலப்பத்திரத்தைக் கேட்டால் அதைவிட வேறு சாட்சியே வேண்டாம். கடன் கொடுத்த அன்றே கம்பெனி அதை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாயிற்று. கையில் வைத்திருப்பவன் எதற்குக் கேட்கப்போகிறான்?

கடைசியில் எப்போதும் ஒன்று சொல்வார். "கம்பெனிக்கு நம்ம மேல பாசம் கெடையாது. எவனாச்சும் பாசமா எழுதியிருந்தான்னா அந்த எடத்துலயே நிறுத்திக்கோணும்."

இருபத்தேழாம் நம்பர் வீட்டுச் சம்பூரணம் எல்லாக் கூட்டத்துக்கும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். அவள் மோகனூர் ரோட்டில் ஒரு முட்டை குடோனில் வேலை பார்க்கிறாள். ஒரு பெட்டிக்குள் பல்பு எரியும். மேலே ஓட்டை இருக்கும். ஒவ்வொரு முட்டையாக அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்து நல்லது, கெட்டது, கரு கட்டியது என்று பிரிக்க வேண்டும். பார்க்கப்போனால் சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். புருஷன் நாச்சிமுத்து லாரி ஓட்டுகிறான். இருபது நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்தால் அதிகம்.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தபோது மேடைமேல் கடிதம் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

சம்பூரணம் கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்தாள். நிகழும் மங்களகரமான வருடம் ஆவணி மாதம் வருகிற புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் பத்தரை மணிக்குள், அன்பிற்குரிய இருபத்தேழாம் எண் இல்லமாகிய தங்களை எங்கள் குடும்பத்துக்கு மாற்றிக்கொள்ளும் சுபநிகழ்ச்சி நடைபெற இருப்பதால், மூலப்பத்திரத்துடன் வந்திருந்து சிறப்பிக்க வேண்டுமாய் அழைத்திருந்தார்கள். வீட்டாருக்குத் தனியே தெரிவித்தாகிவிட்டது, அவர்களிடம் கேட்க வேண்டியதில்லை என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

அவள் வாசலுக்கு வந்து குனிந்து பார்த்தாள். நிலைப்படிக்குக் கீழே வீடு ஒரு விரல் உயரம் எழும்பியிருந்தது. எறும்புகள் தாராளமாகப் போய்வந்துகொண்டிருந்தன.

மறுநாள் காலையிலேயே கடிதத்தை அர்த்தனாரியிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவசரம் இருக்கிறது, ரகசியம் இருக்கிறது, மூலப்பத்திரம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக விரல் மடக்கினார். அப்புறம் மஞ்சளைப் பார்த்தார். மடக்கிய விரல்கள் தாமாகவே பிரிந்துகொண்டன. கடிதத்தை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

"இதென்னங்கண்ணா, கண்ணுல ஒத்தறீங்க?"

"மஞ்ச வெச்ச காயிதத்த வேறென்ன பண்றது, அம்மிணி? கிழிக்கலாமா?"

கிழிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். கருமாதிக் கடிதம் என்றால் வாசலிலேயே படித்து வாசலிலேயே கிழித்துப் போடலாம். மஞ்சள் வைத்ததைக் கீழே போடக்கூட யாருக்கும் கை வராது. எழுதியவனுக்கும் அது தெரிந்திருந்தது.

அவள் அதைக் குடோனுக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போன பிறகு பல்பு ஓட்டையில் வைத்துப் பார்த்தாள். கம்பெனியின் பழைய கடிதம் ஒன்றைக் கூடவே கொண்டுவந்திருந்தாள். முதலில் அதை வைத்தாள். உள்ளே ஒரு மின்விசிறி மெதுவாகச் சுற்றியது. அதற்குக் கீழே ஒருவர் யாரையும் பார்க்காமல் டீ குடித்துக்கொண்டிருந்தார். நல்ல கடிதம். பிறகு மஞ்சள் கடிதத்தை வைத்தாள். உள்ளே அவளுடைய வீடு தெரிந்தது. எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. கொடியில் அவளுடைய கத்தரிப்பூ நிறச் சேலை காய்ந்தது. அவள் அதைத் துவைத்துப் போட்டது புதன்கிழமை ஒருநாள்தான். ஆக, புதன்கிழமை யாரோ அந்த மரத்தடியில் வெகுநேரம் நின்றிருக்கிறார்கள்.

கம்பெனியைக் கூப்பிடலாம் என்று சாயங்காலம் பீரோவைத் திறக்கப் போனாள். பாஸ்புத்தகம் அதற்குள் இருந்தது. வீடு பீரோவை விடவில்லை. பயணத்துக்கு எடுத்துவைத்த சாமான் என்று சுவரோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள். அவன் நாக்பூரில் லோடு இறக்கக் காத்திருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு, தான் வருவதற்குள் போய்விடுமா என்று கேட்டான்.

"புதங்கெழம காத்தாலைங்க."

"நா வெள்ளிக்கெழமதான் வருவேன்."

"அப்ப எங்க வருவீங்க?"

போனில் லாரிகள் ஹாரன் அடித்தன. பிறகு, கம்பெனி நம்பரை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருக்கிறேன், எழுதிக்கொள் என்று ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான்.

சனிக்கிழமை அந்த நம்பரைக் கூப்பிட்டாள். பாட்டுப் போட்டார்கள். நிறுத்திவிட்டு வேறு பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் அவளுடைய பெயரைக்கூடக் கேட்காமல் கடன் எண்ணைக் கேட்டாள். அப்படி ஒரு கடிதமும் நாங்கள் அனுப்பவில்லை என்றாள். குரலில் ஒரு அக்கறையும் இல்லை. சம்பூரணத்துக்கு மனசு நிம்மதியாக இருந்தது. போக வேண்டாம் என்று நீங்களே வீட்டுக்கு ஒரு கடிதம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். போடலாம், வேலை நாட்களாகப் பதினைந்து நாள் ஆகும் என்றாள் அந்தப் பெண்.

வேறு வழியில்லை; தானே எழுதுவது என்று முடிவு செய்தாள். வீடு நம்புவது கடிதத்தை மட்டும்தானே. அர்த்தனாரியின் கட்டிலில் உட்கார்ந்து எழுதினாள். 'கண்ணு, போயிராத' என்று ஆரம்பித்திருந்தாள். அர்த்தனாரி பாசம் என்று சொல்லி அடித்தார். அடுத்ததில் 'உடனே கதவைச் சாத்திக்கொள்' என்று இருந்தது. அவசரம் என்று அடித்தார். 'வேறு யார் எழுதினாலும் நம்பாதே' என்பதையும் விடவில்லை. கள்ளக் கடிதம் எழுதுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார். எட்டாவது தடவை இப்படி வந்தது: 'கதவு எண் 27-க்கு. தங்களை மாற்றுவதாக வந்த கடிதம் கடன் கொடுத்த நிறுவனத்தால் அனுப்பப்பட்டதல்ல. தாங்கள் இருக்கும் இடத்திலேயே இருக்கவும்.'

"இது நல்லா இருக்குது. படிச்சா மனசுல ஒண்ணுமே தோண மாட்டேங்குது" என்றார் அர்த்தனாரி.

கம்பெனி பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை சுலபமாக முடியும் என்று அவருக்கு ஒரு யோசனை இருந்தது. அவர்கள் செய்வதும் அதுதானே என்றாள் சம்பூரணம். தன் பெயரையே போட்டு, தபால் தலை ஒட்டி, பெரிய போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை கடிதம் வந்தது. சம்பூரணம் அன்று வேலைக்குப் போகவில்லை. வீடு அதை எடுத்துக்கொள்வதைக் கேட்டாள். பிறகு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தால், கடிதம் மேடையில் இல்லை. மேற்கு ஜன்னல் கண்ணாடியில், வெயில் விழும் இடத்தில் ஒட்டியிருந்தது. வாங்கிவரும் முட்டைகளை அவள் அந்த ஜன்னலில்தான் ஏழு வருடமாகப் பிடித்துப் பார்க்கிறாள். வீடு அதைப் பார்த்துப் பழகியிருந்தது.

வெயில் கடிதத்தை ஊடுருவியது. உள்ளே சம்பூரணம் நின்றுகொண்டிருந்தாள். ஏழு வயது இளையவளாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புதுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தோரு நாள், காலையும் மாலையும் அவள் அப்படி ஊற்றியிருக்கிறாள். எத்தனை அடித்து எழுதினாலும் அது எப்படியோ காகிதத்துக்குள் வந்துவிட்டது. பாசம் இருந்தால் நிறுத்திக்கொள் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அர்த்தனாரி சொன்னதை வீடும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

இருட்டுவதற்குள் வீடு இன்னும் எழும்பியது. பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கமாக வெளியே வந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தக் கோழியைத் தேடிக்கொண்டு மாராயி வந்தாள். அடுத்த வீட்டுக்காரி. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அவள் ஒரு நாளும் வந்ததில்லை. அர்த்தனாரி பேச்சைக் கேட்டால் தூக்கம் வருகிறது என்பாள். வீட்டுக்குக் கீழே குனிந்து கோழியைக் கூப்பிட்டவள், நிமிர்ந்து, உங்கள் வீடு எங்கேயோ கிளம்புகிறதாமே என்றாள். சம்பூரணம் எல்லாவற்றையும் சொன்னாள். மாராயி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் புள்ள. கூப்புடறதுக்கு யாரு வந்தா?"

"யாரும் வரலீங்க்கா. தபால்ல வந்துச்சு."

"தபால்லயா?" மாராயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வீட்டை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "தட்டம் கொண்டுட்டு வந்து கூப்புடலியா?"

"இல்லீங்க்கா."

"எங்க அண்ணன் மவன் கல்யாணத்துக்கு, கூடப் பொறந்தவ எனக்கே தபால்ல போட்டான். நா போவல. இன்னைக்கு வரைக்கும் அவன் ஊட்டு வாசல மிதிக்கல. இது என்ன, கேக்கறதுக்கு நாதியத்த ஊடா? ஒரு அஞ்சு ரூவாத் தலைய ஒட்டிப் போட்டா, வெக்கமில்லாம கெளம்பிப் போயிருமா?"

சம்பூரணத்துக்குப் பின்னால் ஹால் ஜன்னல் பட்டென்று சாத்திக்கொண்டது.

மாராயி விடவில்லை. போனால் அங்கே பந்தியில் கடைசி வரிசைதான் கிடைக்கும், வந்தாயா என்று கேட்கக்கூட ஆள் இருக்காது என்றாள். கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போகிற போக்கில் மதில் சுவரைத் தட்டி, "இருந்திருந்து நம்ம வீதிக்குத்தான் இந்த அவமானம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை. எல்லா வீட்டைப் பற்றியும் அவள் அப்படித்தான் பேசுவாள்.

அவள் தன் வாசலில் ஏறியதும் இந்த வீடு தரையில் உட்கார்ந்தது. புழுதி கிளம்பியது. அலமாரியில் இரண்டு டம்ளர் உருண்டன. பீரோ தானாகத் திறந்துகொண்டது.

புதன்கிழமை காலையில் சம்பூரணம் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள். எதிரே பின்பக்கத்து மதில் இருந்தது. வீடு தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அவள் அடுப்படிக் கதவு வழியாகத் தெருப்பக்கம் போய், வீட்டோடு சேர்ந்து திரும்பியிருந்த துவைக்கிற கல்லைச் சுற்றித் தெளித்துக் கோலம் போட்டாள்.

ஒன்பது மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவரிடம் அளவு நாடா இருந்தது. இன்னொருவர் செய்தித்தாள் சுற்றிய ஒரு பலகையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். வீட்டின் பின்சுவரையும் கழிவுநீர்க் குழாயையும் அவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள்.

"லெட்டர் போட்டிருந்தோமே" என்றார் முன்னால் நின்றவர்.

"வந்துச்சுங்க. தபால்ல வந்துச்சு."

"அப்புறம் என்ன?"

"நேர்ல வந்து கூப்புடலீங்களே."

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காரை எடுத்துக்கொண்டு போய், பத்து மணிக்கு ஒரு தட்டத்தோடு திரும்பி வந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம் எல்லாம் இருந்தன. தட்டத்தின் விளிம்பில் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. சம்பூரணம் அதை உடனே வாங்கவில்லை. அழைக்க வருகிறவர்களை யாரும் விசாரிக்காமல் தட்டம் வாங்குவதில்லை. நீங்கள் எந்த ஊர், யார் வீட்டுப் பக்கம் என்று கேட்டாள். மூன்று பேரும் ஒரே சமயத்தில் மூன்று ஊர் சொன்னார்கள். சரி, ஐயா பெயர் என்ன என்று முன்னால் நின்றவரைக் கேட்டாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பார்த்தார்.

அடுப்படி வென்டிலேட்டரின் கண்ணாடிப் பட்டைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன.

பத்தரை ஆனது. அவர்களே எழுதிய நல்ல நேரம் முடிந்துவிட்டது. தட்டத்தைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு, பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்கள் கிளம்பினார்கள். காரில் ஏற்றும்போது பலகையைச் சுற்றியிருந்த செய்தித்தாள் ஓரத்தில் கிழிந்தது. புதுப் பெயர்ப்பலகை. இல்லம் என்று எழுதி, அதற்கு முன்னால் ஒரு பெயர் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். எந்த வீட்டுக்கும் பொருந்தும். கார் இரண்டாவது வீதிப் பக்கம் திரும்பியது. சம்பூரணம் உள்ளே போய் இரண்டாவது வீதியில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தாள்.

வெள்ளிக்கிழமை நாச்சிமுத்து வந்தான். லாரியை ரோட்டில் நிறுத்திவிட்டு, செருப்பைத் துவைக்கிற கல்லடியில் கழற்றிப் போட்டு, அடுப்படி வழியாக உள்ளே வந்து, குளிக்கச் சுடுதண்ணீர் இருக்கிறதா என்று கேட்டான்.

அதற்கப்புறம் வீடு எந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனியின் கடிதம் வந்தாலும் தெருவில் தூக்கி எறிந்தது. மூன்று தடவை அப்படி ஆனதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பெனியின் கிளை மேனேஜர் வந்தார். பெயர் திருஞானம். பட்டுச்சேலை கட்டிய அவர் மனைவி தட்டம் ஏந்திப் பக்கத்தில் நின்றாள். சம்பூரணம் ஊரைக் கேட்டாள், பரமத்தி என்றார். யார் வீட்டுப் பக்கம் என்று கேட்டாள். நாலாவது கேள்வியில் அவர் நாச்சிமுத்துவுக்குப் பங்காளி முறை ஆகிவிட்டார். இந்த மாதத்தில் நேரில் வந்து அழைக்கும் பதினோராவது வீடு இது என்று சொல்லி, கொடுத்த காப்பியைக் குடித்தார்.

"அஞ்சாந்தேதி தவணைங்க. எல்லாரும் கண்டிப்பா வந்துரோணும்" என்றார். அவர் மனைவி அடுப்படி நிலைக்குக் குங்குமம் வைத்தாள். அவர்கள் தெருமுனை போவதற்குள் வீடு முன்பக்கத்தைத் தெருவுக்குத் திருப்பிக்கொண்டது.

ஐந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு வீடு கிளம்பியது. சம்பூரணம் தலைக்குக் குளித்து, மாங்காய் நிறப் பட்டு கட்டியிருந்தாள். நாச்சிமுத்து வேட்டி கட்டிக்கொண்டு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். மாராயி, ஊருக்குள் ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி, மாடிப்படியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வீடு ரோட்டின் இடது ஓரமாகவே போனது. லாரிகள் வழிவிட்டன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்பெனி ஆபீசுக்கு எதிரே காலி மனையில் நின்றது. ஆபீஸ் வாசலில் மேனேஜரின் மனைவி பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுத்தாள். தவணையை இவர்கள் கவரில் போட்டுக் கொடுத்தார்கள்; ஆபீசில் பெயரும் ஊரும் கேட்டு மொய்போல எழுதிக்கொண்டார்கள். சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

மூன்று மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டது. முன்கதவுக் கொண்டியில் ஒரு தாம்பூலப் பை தொங்கியது. சம்பூரணம் அதிலிருந்த வெற்றிலையை மாராயிக்குக் கொடுத்தாள். தேங்காயை மறுநாள் காலைச் சட்னிக்கு உடைத்தாள். நன்றாக முற்றியிருந்தது.